கனவு கொல்லுமா?

உறங்கினால் உயிர் போய்விடும். உறங்காமல் இருக்கவும் முடியாது. பள்ளியில் படிக்கும் நான்கு நண்பர்கள் இப்படி ஓர் இக்கட்டில் அகப்பட்டுக் கொண்டால் என்ன செய்வார்கள்?

1984 ஆம் ஆண்டு நவம்பர் மாதம் அமெரிக்காவில் வெளிவந்த 'எ நைட்மேர் ஆன் எல்ம் ஸ்ட்ரீட்' என்ற திகில் படத்தின் கதை இதுதான். 'எல்ம் தெருவில் ஒரு கெட்ட கனவு' என்று இதற்குப் பொருள். டீனா, ராட், கிளென், நான்சி என்ற நால்வரையும் உறக்கத்தில் ஒரே உருவம் துரத்துகிறது. அதன் முகமெல்லாம் வெந்த தழும்பு. உடம்பில் சிவப்பும் பச்சையுமாகப் பட்டை போட்ட கம்பளிச் சட்டை. வலக்கை உறையின் விரல்களில் கூரிய கத்திகள். ஃபிரெடி குரூகர் என்பது அதன் பெயர். குழந்தைகளைக் கொன்ற குற்றவாளி அவன். சட்டத்தின் பிடியிலிருந்து தப்பிய அவனை ஊர்ப் பெற்றோர்கள் தீ வைத்துக் கொன்றுவிட்டார்கள். இப்போது அவன் அந்தப் பெற்றோரின் பிள்ளைகளைக் கனவில் வந்து பழிவாங்குகிறான். கனவில் அவன் கிழித்தால் படுக்கையில் கிடக்கும் உடலும் கிழிகிறது!

படத்தை எழுதி இயக்கியவர் வெஸ் கிரேவன். ஃபிரெடியாக நடித்தவர் ராபர்ட் இங்கிலண்ட்; நான்சியாக நடித்தவர் ஹெதர் லாங்கன்காம்ப். பின்னாளில் பெரும் புகழ் பெற்ற ஜானி டெப்புக்கு இதுவே முதல் படம். வயது வந்தோருக்கான படம் இது. ஆகவே கதையை விட்டுவிட்டு, அது பிறந்த கதையைப் பார்ப்போம். அது படத்தைவிட வியப்பானது, படத்தைவிடத் துயரமானதும்கூட.

செய்தித்தாளில் வந்த மரணங்கள்

இந்தக் கதைக்கு வித்து 'லாஸ் ஏஞ்சல்ஸ் டைம்ஸ்' நாளிதழில் வந்த செய்திகளே என்று கிரேவன் பல பேட்டிகளில் கூறியிருக்கிறார். தென்கிழக்கு ஆசியாவிலிருந்து அகதிகளாக வந்த இளைஞர்கள் சிலர், நோய் நொடி எதுவுமின்றி, உறக்கத்திலேயே இறந்து போனார்கள் என்பதே அச்செய்தி. அவர்களில் ஓர் இளைஞன் கெட்ட கனவுக்கு அஞ்சிப் பல நாள் உறங்க மறுத்தானாம். காப்பி போடும் கருவியை அறையில் ஒளித்து வைத்திருந்தானாம். கடைசியில் கண் அயர்ந்த இரவில் அலறி இறந்தானாம். கிரேவன் சொன்ன விவரம் இது. படத்தில் நான்சியும் காப்பிக் கருவியைத் தன் அறையில் ஒளித்து வைக்கிறாள்.

யார் அந்த அகதிகள்? லாவோஸ் நாட்டின் மலைகளில் வாழ்ந்த ஹ்மோங் என்னும் மக்கள் அவர்களில் பலர். வியட்நாம் போர் நடந்த காலத்தில் அமெரிக்க உளவு நிறுவனம் லாவோஸ் மலைகளில் இம்மக்களைக் கொண்டு ஓர் இரகசியப் படையைத் திரட்டியது. 1975 இல் போர் முடிந்தது. அமெரிக்கா வெளியேறியது. புதிய ஆட்சிக்கு அஞ்சிய ஹ்மோங் மக்கள் மேகோங் ஆற்றைக் கடந்து தாய்லாந்தின் முகாம்களை அடைந்தார்கள். அங்கிருந்து பல்லாயிரம் பேர் அமெரிக்கா சென்றார்கள்.

போரில் தப்பினார்கள், ஆற்றில் தப்பினார்கள், முகாமில் தப்பினார்கள். ஆனால் 1977 முதல், அமைதியான ஊர்களில், தம் சொந்தப் படுக்கையில் அவர்களில் சிலர் இறக்கத் தொடங்கினார்கள். 1980-களின் இறுதிக்குள் நூற்றுக்கு மேற்பட்டவர்கள் இப்படி மாண்டதாக அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் பதிவு செய்தது. ஏறக்குறைய எல்லோரும் ஆண்கள். பெரும்பாலோர் முப்பது வயதை ஒட்டியவர்கள். சவப் பரிசோதனையில் நஞ்சு இல்லை, காயம் இல்லை, இதயக் குழாய்களில் அடைப்பும் இல்லை. காரணம் தெரியாததால் மருத்துவர்கள் அதற்கு 'எதிர்பாராத திடீர் இரவு மரணம்' என்று பெயர் மட்டும் வைத்தார்கள்.

நெஞ்சில் அமரும் ஆவி

ஹ்மோங் முதியவர்களிடம் இதற்கு ஒரு விளக்கம் இருந்தது. 'டா ட்சோ' என்ற ஆவி இரவில் வந்து நெஞ்சின்மேல் அமர்ந்து மூச்சை அழுத்தும் என்பது அவர்கள் நம்பிக்கை. இதைக் கேட்டதும் உங்கள் பாட்டி சொன்னது நினைவுக்கு வருகிறதா? நம் ஊர்களிலும் 'அமுக்குவான் பேய்' உண்டல்லவா! உலகின் பல மக்களிடம் இத்தகைய கதை இருக்கிறது. அப்படியானால் எல்லோரும் ஏதோ ஒன்றை உண்மையிலேயே உணர்ந்திருக்க வேண்டும். அது என்ன?

விடை உறக்கத்தின் அமைப்பில் இருக்கிறது. உறக்கம் என்பது விளக்கை அணைப்பது போன்றதன்று. 1953 ஆம் ஆண்டில் சிகாகோ பல்கலைக் கழகத்தில் யூஜின் அசெரின்ஸ்கி என்ற ஆய்வு மாணவரும் அவருடைய பேராசிரியர் நதானியேல் கிளெய்ட்மனும் ஓர் உண்மையை வெளியிட்டார்கள். அசெரின்ஸ்கி தம் சொந்த மகனையே உறங்கச் செய்து, கண் அருகே மின்வாய்களைப் பொருத்திப் பார்த்தவர். உறங்குபவரின் விழிகள் மூடிய இமைக்குள் சில வேளைகளில் வேகமாக அங்குமிங்கும் ஓடுவதையும், அந்நேரத்தில் எழுப்பினால் பெரும்பாலோர் கனவு கண்டதாகக் கூறுவதையும் அவர்கள் கண்டார்கள். இதை 'விரைவு விழியசைவு உறக்கம்' என்கிறோம். ஏறத்தாழ ஒன்றரை மணிக்கு ஒரு முறை இது திரும்பத் திரும்ப வருகிறது. விடியலை நெருங்க நெருங்க நீள்கிறது. விடியற்காலைக் கனவுகள் நன்றாக நினைவிருப்பது இதனால்தான்.

கனவில் ஓடுகிறோம், குதிக்கிறோம், சண்டை போடுகிறோம். ஆனால் கட்டிலை விட்டு எழுவதில்லை. ஏன்? பிரான்சு நாட்டின் லியோன் நகரில் மிஷேல் ழுவே என்ற அறிஞர் பூனைகளை ஆராய்ந்து இதைக் கண்டறிந்தார். கனவு நேரத்தில் மூளைத்தண்டின் ஒரு பகுதி, உடலின் தசைகளுக்குச் செல்லும் கட்டளைகளைத் தடுத்து விடுகிறது. கண்ணும் மூச்சும் மட்டுமே விலக்கு. அப்பகுதி பழுதான பூனைகள், உறங்கிக்கொண்டே எழுந்து, இல்லாத இரையின்மேல் பாய்ந்தன!

சில நேரங்களில் மூளை விழித்துவிடும். ஆனால் தசைப் பூட்டு இன்னும் திறந்திருக்காது. கண் திறந்திருக்கிறது, அறை தெரிகிறது, கையை அசைக்க முடியவில்லை, கத்தவும் முடியவில்லை. கனவின் மிச்சமும் கலந்து கொள்வதால் அறையில் யாரோ நிற்பது போலவும் நெஞ்சில் அமர்ந்திருப்பது போலவும் தோன்றும். இதுவே 'உறக்க முடக்கம்'. அமுக்குவான் பேயின் மெய்யான முகவரி இதுதான். 2011 இல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பின்படி, பொதுமக்களில் நூற்றுக்குச் சுமார் 8 பேரும், மாணவர்களில் நூற்றுக்குச் சுமார் 28 பேரும் வாழ்வில் ஒரு முறையேனும் இதை உணர்ந்திருக்கிறார்கள். ஓரிரு நிமிடங்களில் தானே விலகிவிடும். இதனால் யாரும் இறப்பதில்லை.

அப்படியென்றால் அந்த இளைஞர்களைக் கொன்றது எது?

முனகல் சொன்ன செய்தி

இறந்தவர்களின் பக்கத்தில் படுத்திருந்தவர்கள் கூறியதில் ஓர் ஒற்றுமை இருந்தது. நள்ளிரவுக்குப் பின் அவர் திடீரென்று முனகினார், திணறித் திணறி மூச்சு விட்டார், எழுப்பினால் எழவில்லை. கெட்ட கனவு கண்டு, அந்த அச்சத்தால் இறந்தார் என்று குடும்பத்தார் எண்ணினார்கள். யார்தான் அப்படி எண்ண மாட்டார்கள்?

படம் வெளிவந்த அதே 1984 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சியாட்டில் நகர மருத்துவர்கள் ஒரு முக்கியமான துப்பை வெளியிட்டார்கள். இப்படி மயங்கியவர்களில் சிலரை அவசர உதவிக் குழுவினர் உரிய நேரத்தில் அடைந்து பிழைக்க வைத்திருந்தார்கள். அவர்களின் இதயம் அந்நேரத்தில் 'கீழறை நடுக்கம்' என்னும் நிலையில் இருந்தது. இதயத்தின் கீழறைகள் ஒரே சீராகச் சுருங்கினால்தான் இரத்தம் வெளியேறும். நடுக்கத்தின்போது ஒவ்வோர் இழையும் தன் போக்கில் துடிக்கிறது. தேர் இழுக்கும் ஆயிரம் பேரும் ஆளுக்கொரு பக்கம் இழுத்தால் தேர் நகருமா? அதுபோல் இரத்த ஓட்டம் நின்றுவிடுகிறது. சில நொடிகளில் நினைவு போய்விடும். மூளைத்தண்டு மட்டும் கடைசியாகச் சில திணறல் மூச்சுகளை எழுப்பும். அதுதான் அந்த முனகல்!

ஆக, கனவு இதயத்தை நிறுத்தவில்லை. இதயம் நின்றதால் எழுந்த ஒலியே கனவின் அலறல் போலக் கேட்டது. குடும்பத்தார் சொன்னது பொய்யன்று. அவர்கள் கேட்டதைச் சரியாகவே கேட்டார்கள். காரணமும் விளைவும்தான் இடம் மாறி இருந்தன.

இரு சகோதரர்களும் ஒரு வரைபடமும்

இதயம் ஏன் அப்படி நடுங்க வேண்டும்? 1992 இல் ஸ்பெயின் நாட்டைச் சேர்ந்த பேட்ரோ புருகாடா, ஜோசப் புருகாடா என்ற இரு இதய மருத்துவச் சகோதரர்கள் எட்டு நோயாளிகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். எட்டுப் பேருக்கும் இதயத்தின் அமைப்பில் குறை தெரியவில்லை. ஆனால் எல்லோரும் இதயம் நின்று உயிர் மீட்கப்பட்டவர்கள். எட்டுப் பேரின் இதய மின் வரைபடத்திலும், அதாவது ஈ.சி.ஜி.யிலும், வலப்பக்க மார்பில் எடுத்த கோடுகள் ஒரே மாதிரி மேடிட்டு வளைந்திருந்தன. இது 'புருகாடா நோய்க்குறித் தொகுதி' எனப் பெயர் பெற்றது.

இதயத் துடிப்பு என்பது மின்சார வேலை. ஒவ்வோர் இதய அணுவின் சவ்விலும் நுண்ணிய வாயில்கள் உள்ளன. வாயில் திறந்ததும் சோடியம் அயனிகள் உள்ளே பாய்கின்றன; அதனால் மின் அலை எழுகிறது; தசை சுருங்குகிறது. அந்த வாயிலைக் கட்டும் கட்டளை எஸ்.சி.என்.5.ஏ. என்ற மரபணுவில் இருக்கிறது. இதில் பிழை இருந்தால் சோடியம் குறைவாகவே நுழையும். இதயச் சுவரின் ஒரு பகுதிக்கும் மறு பகுதிக்கும் மின் அழுத்தம் ஒத்துப் போகாது. 1998 இல் சில புருகாடா குடும்பங்களில் இப்பிழை கண்டறியப்பட்டது. நோயாளிகள் எல்லோரிடமும் இதே பிழை இருப்பதில்லை. ஏறத்தாழ ஐவரில் ஒருவரிடமே காணப்படுகிறது. மற்றவர்களிடம் பல மரபணுக்களின் சிறுசிறு மாற்றங்கள் கூடி வேலை செய்கின்றன.

ஏன் இரவில்? உறக்கத்தில் வேகஸ் நரம்பு இதயத்தை மெதுவாக்குகிறது. நலமான இதயத்திற்கு அது ஓய்வு. இந்த இதயத்திற்கோ அந்நேரத்தில்தான் மின் வேற்றுமை மிகுகிறது. கடுங்காய்ச்சலும் அவ்வாறே செய்யும்.

விதவைப் பேயும் நகப் பூச்சும்

1990-ஐ ஒட்டி, வடகிழக்குத் தாய்லாந்தின் கிராமங்களில் ஒரு விந்தை நடந்தது. இரவில் ஆண்கள் நகங்களுக்குச் சிவப்புப் பூச்சுப் பூசி, பெண்களைப் போல வேடமிட்டு உறங்கினார்கள்! உறக்கத்தில் இறக்கும் இளைஞர்களை ஒரு விதவைப் பேய் கணவனாக்கக் கொண்டு போகிறது. பெண் என்று நினைத்தால் விட்டுவிடும் என்று நம்பினார்கள். அங்கு இம்மரணத்திற்கு 'லாய் தாய்' என்று பெயர். ஜப்பானில் 'பொக்குரி'. பிலிப்பைன்சில் 'பாங்குங்கோட்', எழுதல், முனகல் என்ற இரு சொற்கள் சேர்ந்தது இது என்பர். பாருங்கள், அந்த முனகல் பெயரிலேயே இருக்கிறது!

சிரிக்க வேண்டாம். அக்கிராமத்தார் கவனித்தது முற்றிலும் சரி: ஆண்களே இறந்தார்கள். புருகாடா நோயும் ஆண்களிடமே பல மடங்கு மிகுதியாகத் தாக்குகிறது. ஆண்மைச் சுரப்பான டெஸ்டோஸ்டெரான் இதில் பங்கு பெறுகிறது என்று கருதுகிறார்கள். 1997 இல் கூன்லவீ நடேமணி என்ற தாய்லாந்து மருத்துவரும் குழுவினரும், இவ்வாறு இறக்கும் தருவாயில் மீண்டவர்களை ஆராய்ந்தபோது, பெரும்பாலோர் வரைபடத்தில் அதே புருகாடா வளைவைக் கண்டார்கள். 2002 இல் அதே சோடியம் வாயில் மரபணுவின் பிழையும் இத்தகையவர்கள் சிலரிடம் உறுதியாயிற்று. ஹ்மோங் இளைஞர்களின் மரணங்களுக்கும் பெரும்பாலும் இதுவே அடிப்படை என்று இன்று அறிஞர்கள் கருதுகிறார்கள்.

நகப் பூச்சுக்குப் பதில் இன்று வேறு காவல் உண்டு. மார்புத் தோலுக்கடியில் ஒரு சிறு கருவியைப் பொருத்துகிறார்கள். இதயம் நடுங்கத் தொடங்கியதும் அது தானாகவே மின் அதிர்ச்சி கொடுத்துச் சீராக்குகிறது. தாய்லாந்தில் நடந்து 2003 இல் வெளியான ஒரு சோதனையில், ஒரு பிரிவினருக்கு மருந்தும் மறு பிரிவினருக்கு இக்கருவியும் கொடுத்தார்கள். மருந்துப் பிரிவில் சிலர் இறந்தார்கள். கருவி பெற்றவர்களில் சிலருக்கு நடுக்கம் வந்தும் ஒருவர்கூட இறக்கவில்லை.

அப்படியானால் அச்சத்திற்குப் பங்கே இல்லையா? ஹ்மோங் மக்களிடம் நேரில் பேசி ஆராய்ந்த ஷெல்லி ஆட்லர் என்ற அமெரிக்க அறிஞர் ஒரு கருத்தைக் கூறுகிறார். தாய்மண் போயிற்று, ஆவியை விலக்கும் பூசைகளைப் புதிய நாட்டில் செய்ய இயலவில்லை, காப்பாரில்லை என்ற அந்தப் பேரச்சமும், பிறவியிலேயே பலவீனமான இதயத்தின்மேல் சுமையாக அழுத்தியிருக்கலாம் என்கிறார் அவர். இது அவருடைய கருத்தே. ஆயினும் எண்ணிப் பார்க்கத் தக்கது.

விழித்திருந்தால் தப்பலாமா?

படத்தில் நான்சி ஏழாம் நாளாக உறங்காமல் இருக்கிறாள். கின்னஸ் நூலைப் பார்த்தேன், சாதனை பதினோரு நாள், அதையும் மிஞ்சுவேன் என்கிறாள். பதினோரு நாள் விழித்த மாணவர் ஒருவர் உண்மையிலேயே இருந்தார். கலிபோர்னியாவின் சான் டியாகோ நகரைச் சேர்ந்த 17 வயது ராண்டி கார்ட்னர், பள்ளி அறிவியல் கண்காட்சிக்காக 1963 டிசம்பரில் தொடங்கி 264 மணி நேரம் விழித்திருந்தார். நாள் செல்லச் செல்ல எரிச்சலும் மறதியும் பொய்த்தோற்றங்களும் வந்தன. பதினோராம் நாள், 100-லிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார்கள். 65 வரை வந்தவர் நின்றுவிட்டார். என்ன செய்துகொண்டிருந்தோம் என்பதே மறந்துவிட்டது! உடலுக்குத் தீங்கு என்பதால் கின்னஸ் நிறுவனம் இப்போது இத்தகைய சாதனைகளை ஏற்பதில்லை.

தேர்வுக் காலத்தில் காப்பி குடித்து விடிய விடியப் படிக்கும் நண்பர்கள் இதைக் கவனிக்க வேண்டும். விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்கிறது. அதுவே உறக்கத்தை அழைக்கிறது. காப்பியிலுள்ள கஃபீன், அடினோசின் அமர வேண்டிய இடத்தில் தான் அமர்ந்து கொள்கிறது. அழைப்பு காதில் விழாது. ஆனால் கடன் தீராது. முடிவில், கண் திறந்திருக்கும்போதே சில நொடிகள் மூளை உறங்கிவிடும். 13 முதல் 18 வயது வரை உள்ளவர்களுக்கு நாள்தோறும் 8 முதல் 10 மணி நேர உறக்கம் வேண்டும். உறக்கம் குறைந்தால் உறக்க முடக்கமும் மிகுதியாக வரும். விழித்திருந்து பேயை விரட்ட நினைத்தால், பேயை அழைத்ததாகவே முடியும்!

முதுகைத் திருப்பிய நான்சி

படத்தின் இறுதியில் நான்சி வேறொன்று செய்கிறாள். நீ வெறுங்கனவு, உனக்கு நான் கொடுத்த வலிமையைத் திரும்பப் பெறுகிறேன் என்று ஃபிரெடிக்கு முதுகைக் காட்டுகிறாள். இதில் மட்டும் கிரேவனின் கற்பனை அறிவியலுக்கு அருகே வருகிறது. கனவு காணும்போதே 'இது கனவு' என்று அறிய முடியும். அப்படி அறிந்தவர்கள், முன்பே பேசி வைத்தபடி விழிகளை இடமும் வலமும் அசைத்து ஆய்வாளருக்குச் சைகை காட்டியதை 1975 இல் இங்கிலாந்தில் கீத் ஹெர்ன் பதிவு செய்தார். பின்னர் அமெரிக்காவில் ஸ்டீபன் லபெர்ஜும் தனியே நிறுவினார்.

கெட்ட கனவு திரும்பத் திரும்ப வருபவர்களுக்கு மருத்துவர்கள் ஓர் எளிய பயிற்சி தருகிறார்கள். பகலில் அக்கனவை எழுதச் சொல்கிறார்கள். பிறகு அதன் போக்கை விருப்பம்போல் மாற்றி, புதிய கதையை நாள்தோறும் சிறிது நேரம் மனக்கண்ணில் ஓட்டிப் பார்க்கச் சொல்கிறார்கள். துரத்தும் நாயை வாலாட்டும் நாயாக மாற்றலாம், எழுதுபவர் நீங்கள்தானே! இப்பயிற்சியால் பலருக்குக் கெட்ட கனவுகள் குறைந்ததை ஆய்வுகள் காட்டியுள்ளன.

செய்து பாருங்கள்

வீட்டில் குழந்தையோ நாயோ உறங்கும்போது சற்றுத் தள்ளி அமர்ந்து இமைகளைக் கவனியுங்கள். உள்ளே விழி உருள்வது தெரியும். எழுப்பிவிடாதீர்கள். உங்கள் தலைமாட்டில் ஒரு குறிப்பேடு வைத்து, விழித்த உடனே கனவை எழுதுங்கள். ஒரு மாதம் கழித்துப் படித்துப் பாருங்கள்.

ஒன்றை மறக்காதீர்கள். கெட்ட கனவு எல்லோருக்கும் வரும்; அது நோயன்று. புருகாடா அரிதான நோய். ஆனால் காரணமின்றி அடிக்கடி மயக்கம் வந்தாலோ, குடும்பத்தில் இளம் வயதில் யாரேனும் உறக்கத்தில் திடீரென இறந்திருந்தாலோ, பெரியவர்களிடம் சொல்லி மருத்துவரைப் பாருங்கள். வலியில்லாத ஓர் ஈ.சி.ஜி. சோதனை பல நேரங்களில் உண்மையைக் காட்டிவிடும். லாவோஸ் மலையிலிருந்து வந்த அந்த இளைஞர்களுக்கு அப்போது அதைச் சொல்ல யாரும் இல்லை. அவர்களின் வரைபடத்தில் எதைத் தேடுவது என்று எவருக்கும் தெரிந்திருக்கவில்லை. நமக்குத் தெரியும்.

ஆகவே இன்றிரவு விளக்கை அணைத்துவிட்டு நிம்மதியாக உறங்குங்கள்.